"நாளைக்கு வந்துடுறேன் சார்" என்றவர் எங்கே? வேலை கேட்டுவிட்டு டிமிக்கி கொடுக்கும் வாலிபர்கள்! கடைக்காரர்கள் செய்ய வேண்டியது என்ன?

சென்னையில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு போர்டு கண்ணில் படும். "ஆட்கள் தேவை". ரங்கநாதன் தெருவிலும் அந்தப் போர்டுதான். பாரிமுனையிலும் அந்தப் போர்டுதான். புரசைவாக்கத்திலும் அதேதான்.

வேலை கேட்டு யாரும் வரவில்லையா? வருகிறார்கள். பயோடேட்டா கொடுக்கிறார்கள். செல்போன் நம்பரை எழுதிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகுதான் கூத்து ஆரம்பம்.

கூப்பிட்டால் ரிங் போகிறது. யாரும் எடுப்பதில்லை. மறுபடி கூப்பிட்டால் "சுவிட்ச் ஆப்". வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பினால் பதில் கிடையாது. "நாளைக்கு வந்துடுறேன் சார்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர், மறுநாள் வருவதில்லை. அதற்கு மறுநாளும் வருவதில்லை.

"இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் பல முதலாளிகள். இன்னும் சிலர் கோபத்தில் கண்டபடி திட்டி மெசேஜ் போடுகிறார்கள். இரண்டுமே கடைக்கு நஷ்டம்.

மூன்று இடத்தில் காணாமல் போகிறார்கள்

வேலைக்கு மனு போட்டவர் காணாமல் போவது மூன்று கட்டத்தில் நடக்கிறது.

முதலாவது, பயோடேட்டா கொடுத்ததும் மாயமாவது. இதில் கடைக்குப் பெரிய சேதம் இல்லை. ஒரு போன் கால்தான் வீண்.

இரண்டாவது, இன்டர்வியூவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது. இதில் மானேஜரின் அரை நாள் போச்சு.

மூன்றாவதுதான் மோசம். ஆளைப் பார்த்து, பேசி, சம்பளம் முடிவு செய்து, சேரும் நாளும் குறித்த பிறகு கம்பி நீட்டுவது. அதற்குள் மற்றவர்களை எல்லாம் "ஆள் எடுத்தாச்சு" என்று அனுப்பியிருப்பார்கள். இதில் கடைக்கும் அடி. வெளியே தெரியாத இன்னொருவருக்கும் அடி. அந்த இன்னொருவர் யார் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அன்று வாலிபர் காத்திருந்தார்

1980-ம் ஆண்டு டைரக்டர் கே.பாலசந்தரின் "வறுமையின் நிறம் சிவப்பு" படம் வந்தது. வேலை கிடைக்காத வாலிபர்களின் கதை. தியேட்டரில் உட்கார்ந்திருந்த பலருக்கும் அது சொந்தக் கதை.

அந்த நாளில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்பார்கள். இன்டர்வியூ கார்டு வந்தால் வீடே அமர்க்களப்படும். அவசரம் என்றால் தந்தி வரும். அந்தத் தந்தி சேவையும் 2013 ஜூலையில் மூடப்பட்டது.

இப்போது நிலைமை வேறு. தமிழ்நாடு அரசே 2020-ம் ஆண்டு தனியார் வேலைகளுக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. இது போகத் தனியார் செயலிகள் இருக்கின்றன. மின்சார ரெயிலில் தாம்பரத்தில் ஏறியவர், பீச் ஸ்டேஷன் வருவதற்குள் பத்து இடத்துக்கு மனு போட்டுவிடலாம். கட்டைவிரல் ஒன்று போதும்.

பத்து இடத்துக்குப் போட்டவருக்கு, உங்கள் கடை பெயர் ஞாபகம் இருக்குமா? கூப்பிட்டதும் "எந்த கம்பெனி சார்?" என்று கேட்கிறாரே, அதற்குக் காரணம் இதுதான்.

ஏன் போன் எடுப்பதில்லை?

போன் எடுக்காதவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எடுக்காததற்குப் பல காரணங்கள் உண்டு.

ஒன்று, ரீசார்ஜ். 2018-ம் ஆண்டு கடைசியில் செல்போன் கம்பெனிகள் குறைந்தபட்ச ரீசார்ஜ் திட்டத்தைக் கொண்டு வந்தன. அதற்கு முன்பு சும்மா கிடந்த சிம் கார்டுக்கும் இன்கமிங் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு காசு கட்டவில்லை என்றால் முதலில் அவுட்கோயிங் போகும். சில நாள் கழித்து இன்கமிங்கும் போகும். வேலை இல்லாதவர் கையில் காசு இருக்குமா? வேலை தர நீங்கள் கூப்பிடும் நேரத்தில், வேலை இல்லாத காரணத்தாலேயே அவர் போன் செத்துக் கிடக்கிறது!

இரண்டு, பயம். தெரியாத நம்பரில் இருந்து "உங்களுக்கு வேலை ரெடி" என்று போன் வந்தால் இன்று பலருக்கும் அடிவயிறு கலங்குகிறது. பதிவுக் கட்டணம், யூனிபார்ம் கட்டணம், டிரெயினிங் கட்டணம் என்று பணம் பறிக்கும் கும்பல்கள் அப்படித்தான் கூப்பிடுகின்றன. சைபர் மோசடியில் பணம் இழந்தவர்கள் கூப்பிட வேண்டிய 1930 என்ற எண் ஊரெல்லாம் விளம்பரம் ஆகியிருக்கிறது. 2022-ம் ஆண்டில் வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் சிக்கிய தமிழ்நாட்டு வாலிபர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். அதைப் படித்த அம்மாக்கள் "தெரியாத போனை எடுக்காதே" என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் இருப்பார்களா?

மூன்று, நேரம். வேலை தேடுகிறவர்களில் பலர் ஏற்கனவே வேறொரு கடையில் நிற்பவர்கள். பழைய முதலாளி எதிரில் இருக்கும்போது புது முதலாளியின் போனை எடுக்க முடியுமா? பகல் 11 மணிக்குக் கூப்பிட்டால் கட் செய்யத்தான் செய்வார்.

நான்கு, நம்பர் மாற்றம். நிறுத்தப்பட்ட நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. மேஜையில் ஆறு மாதமாகக் கிடக்கும் பயோடேட்டாவைப் பார்த்துக் கூப்பிட்டால், யாரோ ஒருவர் எடுத்து "ராங் நம்பர்" என்பார்.

ஐந்து, "முடியாது" என்று சொல்லக் கூச்சம். வேறு இடத்தில் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். வீட்டில் "அவ்வளவு தூரம் வேணாம்" என்றிருப்பார்கள். அதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

கடைக்காரர் தப்பும் உண்டு!

ஆறாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அது கடைக்காரர்களுக்குக் கசக்கும்.

"சம்பளம் எவ்வளவு சார்?" என்று கேட்டால், "முதல்ல நேர்ல வா, பேசிக்கலாம்" என்பது பல கடைகளில் வழக்கம். எத்தனை மணி நேரம், வார லீவு உண்டா, சாப்பாடு உண்டா, எதற்கும் பதில் கிடையாது. அதற்குள் பக்கத்துத் தெருக் கடை எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிடுகிறது. ஆள் அங்கே போய்விடுகிறார்.

1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவு என்று சொல்கிறது. 2010-ல் "அங்காடித் தெரு" படம் வந்தபோது ஜவுளிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்கும் அவதியை ஊரே பார்த்தது. 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆனது. இதெல்லாம் இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பார்ப்பார்கள். மழுப்பினால் வரமாட்டார்கள்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. "சேரும்போது ஒரிஜினலைக் கொண்டு வா" என்று சொன்ன மறு நிமிடமே ஆள் மறைந்தால் ஆச்சரியம் என்ன?

இன்னொன்று. இன்டர்வியூவுக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டு, ஒருவரை எடுத்துக்கொண்டு, மற்ற ஒன்பது பேரிடமும் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லியும் அனுப்பமாட்டார்கள். போனும் எடுக்கமாட்டார்கள். இப்படி நாலு கடையில் அனுபவப்பட்ட வாலிபர், ஐந்தாவது கடைக்கு அதையே திருப்பிச் செய்கிறார். பதில் சொல்லாத பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது யார்?

நிஜமாக அடி வாங்குவது இரண்டாவது ஆள்!

புரசைவாக்கத்தில் ஒரு பாத்திரக் கடை என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் பில் போட ஒருவர் தேவை. திங்கட்கிழமை மூன்று பேர் வந்து பேசுகிறார்கள். ஒரு வாலிபர் முதல் இடம். ஒரு இளம்பெண் இரண்டாம் இடம். இருவருமே வேலைக்கு ஏற்றவர்கள்தான்.

வாலிபரிடம் வியாழக்கிழமை சேரச் சொல்கிறார் முதலாளி. "கண்டிப்பா வந்துடுறேன் சார்" என்கிறார் அவர். இளம்பெண்ணிடம் "சொல்லி அனுப்புறேம்மா".

வியாழன் வருகிறது. வாலிபர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. "உடம்பு சரியில்லையோ என்னவோ" என்று முதலாளி வெள்ளி பார்க்கிறார். சனி பார்க்கிறார். ஞாயிறு வியாபாரத்தில் மறந்து போகிறது. அடுத்த புதன்கிழமைதான் இளம்பெண்ணைக் கூப்பிடுகிறார்.

"ஒரு வாரம் உங்க போனுக்காகத்தான் சார் பார்த்துட்டு இருந்தேன். வேற ரெண்டு இடத்துல கூப்பிட்டாங்க, போகலை. வீட்டுல சத்தம் போட்டாங்க. திங்கட்கிழமை வேற இடத்துல கிடைச்ச சம்பளத்துக்குச் சேர்ந்துட்டேன்" என்று பதில் வருகிறது.

கணக்குப் பாருங்கள். கடைக்கு முதல் ஆளும் இல்லை, இரண்டாம் ஆளும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரமும் போச்சு, நல்ல சம்பளமும் போச்சு. பதில் சொல்லாதவர் ஒருவர். அதற்கு விலை கொடுத்தவர், எந்தத் தப்பும் செய்யாமல் காத்திருந்தவர்!

அதனால்தான், பதில் சொல்லாதவருக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். காத்திருக்கும் நாள் ஒவ்வொன்றும் அடுத்த ஆளின் நாள்.

என்ன செய்யவேண்டும்?

ஆள் எடுத்துப் பழகிய கடைகளில் நடைமுறை இப்படித்தான் இருக்கும்:

முதலில் மெசேஜ், பிறகு போன். கூப்பிடுவதற்கு முன்பே ஒரு தகவல் அனுப்புங்கள். கடை பெயர், தெரு, யார் பேசுகிறீர்கள், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம். கடைசியில் "பணம் எதுவும் கட்டவேண்டாம்" என்று ஒரு வரி. மோசடிப் போனோ என்ற பயம் அங்கேயே பாதி போய்விடும். வாட்ஸ்அப் இல்லாதவருக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ். போதும்.

நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். பகல் சாப்பாட்டு நேரம் ஒரு தடவை. சாயங்காலம் 7 மணிக்கு மேல் ஒரு தடவை. மறுநாள் இன்னொரு தடவை. மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே மணி நேரத்தில் பத்துத் தடவை அடித்தால், வட்டிக்காரன் என்று நினைத்து பிளாக் செய்துவிடுவார்கள்.

இரண்டாவது நம்பர் வாங்கி வையுங்கள். பயோடேட்டா வாங்கும்போதே அண்ணன், அக்கா, நண்பர் யாருடையதாவது இன்னொரு நம்பர் கேளுங்கள். ரீசார்ஜ் இல்லாதவரைப் பிடிக்க அதுதான் வழி. ஆனால் அந்த நம்பரில் எடுப்பவரிடம் சம்பளம், பழைய வேலை பற்றி எல்லாம் பேசாதீர்கள். "கடைக்குக் கூப்பிடச் சொல்லுங்க" என்பதோடு நிறுத்துங்கள். அவர் வேலை தேடுவது வீட்டுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம்.

நீல டிக்கை நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் 2014-ல் வந்தது இந்த நீல டிக். வேண்டாம் என்றால் அதை அணைத்து வைக்கலாம். டிக் நீலமாகவில்லை என்றால் படிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. நீலமானால் சம்மதம் என்றும் அர்த்தம் இல்லை.

முதல் நாளே உறுதி கேளுங்கள். வியாழன் சேரவேண்டும் என்றால், புதன் பகலில் "நாளைக் காலை 10 மணிக்கு வருகிறீர்களா? இன்று இரவு 8 மணிக்குள் பதில் அனுப்பவும்" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், வியாழன் காலை வாசலைப் பார்த்து நிற்கவேண்டியது இல்லை. அப்போதே உஷாராகிவிடலாம்.

கெடு சொல்லுங்கள். "வெள்ளிக்கிழமை பகல் 12 மணி வரை உங்களுக்காக இடம் இருக்கும். அதற்குள் தகவல் இல்லை என்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம்." இவ்வளவுதான். திட்டு வேண்டாம். புத்திமதி வேண்டாம். 12 மணி அடித்ததும் சொன்னபடி செய்யுங்கள்.

இரண்டாவது ஆளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "உங்களுக்கு முன்னால ஒருத்தர் இருக்கார். அவர் வரலைன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கூப்பிடுறேன். நடுவுல வேற நல்ல வேலை கிடைச்சா தாராளமா சேர்ந்துக்கோங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க." இப்படிச் சொன்னால் அந்தப் பெண் வேறு இன்டர்வியூவை விடமாட்டார். கடைக்கும் வெள்ளிக்கிழமையே ஆள் கிடைத்துவிடும்.

போலீசுக்குப் போகலாமா?

"வேலைக்கு வர்றேன்னு சொல்லி ஏமாத்திட்டான், கேஸ் போடலாமா?" என்று கேட்கிற முதலாளிகளும் உண்டு. வேலைக்கு மனு போட்டுவிட்டு வராமல் இருப்பது குற்றம் ஆகாது. ஸ்டேஷனுக்குப் போனால் இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்.

ஆனால் சட்டம் கடைக்காரரைக் கைவிடவும் இல்லை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒருவர் சம்மதம் சொல்வதற்கு முன்பு, கொடுத்த வாய்ப்பைத் திரும்பப் பெறலாம் என்கிறது 5-வது பிரிவு. கெடு குறித்திருந்தால், கெடு தாண்டியதும் வாய்ப்பு காலாவதி என்கிறது 6-வது பிரிவு. கெடு குறிக்கவில்லை என்றால் "நியாயமான காலம்" வரை என்று இழுக்கும். நியாயமான காலம் எது என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க வேண்டும். வேலை உத்தரவில் தேதி போடுவது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

ஒரு எச்சரிக்கை. அவர் "சேருகிறேன்" என்று எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு விவகாரம் வேறு. அதனால் உத்தரவிலேயே "இந்தத் தேதிக்குள் வந்து சேராவிட்டால் இந்த உத்தரவு ரத்து" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

சேருவதற்கு முன்பு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

இதைச் செய்யாதீர்கள்!

வராமல் போனவரின் போட்டோவை வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இவனை நம்பாதீர்" என்று எழுதுகிறார்கள் சிலர். அவதூறு வழக்கில் மாட்டப்போவது போட்டவர்தான்.

ஆதார் ஜெராக்ஸ், மார்க் ஷீட் ஜெராக்ஸ் இணைத்த பயோடேட்டாவைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். சுண்டல் மடிக்கும் காகிதத்தில் ஒரு பெண்ணின் செல் நம்பரும் வீட்டு விலாசமும் போட்டோவும் இருந்தால் என்ன ஆகும்? தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே நிறைவேறியிருக்கிறது. ஆள் எடுத்து முடிந்ததும் வேண்டாததைக் கிழித்துப் போடுங்கள்.

நாலு நாள் கழித்து வந்து நிற்பவரை வாசலிலேயே விரட்டாதீர்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்திருக்கலாம். போன் திருட்டுப் போயிருக்கலாம். இடம் நிரம்பிவிட்டது என்றால் "அடுத்த தடவை இடம் வந்தால் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். நிஜமான காரணம் உள்ளவர் நேரில் வந்து சொல்வார். டிமிக்கி கொடுத்தவர் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்.

தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

வேலை தேடும் வாலிபர்களும் இளம்பெண்களும் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வேறு வேலை கிடைத்துவிட்டதா? சந்தோஷம். சம்பளம் போதவில்லையா? தப்பே இல்லை. "சார், எனக்கு வேறு இடத்தில் கிடைத்துவிட்டது, நன்றி" என்று ஒரு வரி அனுப்புங்கள். காரணம் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை.

கடைத்தெரு சின்னது. இன்று போன் எடுக்காமல் விட்ட மானேஜர், இரண்டு வருஷம் கழித்து வேறொரு கடையில் உங்களை இன்டர்வியூ செய்ய உட்கார்ந்திருக்கலாம். அந்த முகத்தை அவர் மறந்திருக்கமாட்டார்.

கடைக்காரர்களும் அதே ஒரு வரியை, எடுக்காத ஒன்பது பேருக்கும் அனுப்பவேண்டும். "இந்தத் தடவை வேறு ஒருவரை எடுத்துவிட்டோம்" என்று சொன்னால் யாரும் கடித்துவிடமாட்டார்கள். அந்த ஒன்பது பேரும் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கி, காலையில் அடுத்த கடைக்குக் கிளம்புவார்கள்.

"வேண்டாம்" என்ற பதில் வருத்தம் தரும். ஆனால் அதைக் கேட்டவர், அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். பதிலே வராதவர்தான் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.